பிஓடியா, ஹாமா? நெடுஞ்சாலையில் நஷ்டம் யாருக்கு?

பிஓடி (கட்டி, இயக்கி, பிறகு அரசிடம் ஒப்படைத்தல்) முறையில் தனியார் நிறுவனமே முதல் போட்டுச் சாலை அமைக்கும். ஒப்பந்தக் காலம் முழுக்கச் சுங்கம் வசூலித்துக்கொள்ளும். வண்டி குறைந்தால் நஷ்டம் அதற்குத்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2010க்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள்: போக்குவரத்தை மிகையாகக் கணக்கிட்டுப் பலர் ஏலம் எடுத்தார்கள், நிலம் கைக்கு வரவும் தாமதமானது. கடன் கொடுத்த பொதுத்துறை வங்கிகளின் பணம் முடங்கியது. அந்த நஷ்டமும் கடைசியில் பொதுமக்களிடம்தான் வந்து சேர்ந்தது.

2016இல் வந்த ஹாம் (அரசும் தனியாரும் செலவைப் பகிரும் கலப்புத் தவணை) முறையில், செலவில் 40 சதவீதத்தைக் கட்டுமானத்தின்போதே அரசு தருகிறது. மீதியை நிறுவனம் புரட்டி, 15 ஆண்டுகளில் வட்டியோடு தவணையாகப் பெறுகிறது. அதுவரை பராமரிப்பும் அதன் பொறுப்பு. சுங்க வசூல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு; வண்டி வராவிட்டால் துண்டு விழுவதும் அங்கேதான். (ஃபாஸ்டேக்கில் பணம் கழியும்போது ஓட்டுநருக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது.)

லாரிகள் ஓயாத தடங்களுக்கு பிஓடி போதும். வண்டி குறைவான மாவட்டங்களுக்கு ஹாமையே நான் கேட்பேன். இல்லையென்றால் அங்கே முதல் போட யாரும் வரமாட்டார்கள்.