ஃபோல்டுஸ்கோப்: ஓரிரவு முகாமுக்கு எடுபடுமா?

அரசுப் பள்ளியில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் வசதியற்ற வீட்டுப் பையன்களுக்கு அறிவியல் முகாம் போட்டால், நுண்ணோக்கிதான் பெரிய தலைவலி. ஆய்வகத்தில் இருப்பதை வேனில் ஏற்றினால் குலுங்கிக் கெடும். கெடாவிட்டாலும் ஒன்றைச் சுற்றி இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபல்ஸ்கியும் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற இந்த மடித்துச் செய்யும் தாள் நுண்ணோக்கியை ஆளுக்கொன்று கொடுக்கலாம். 140 மடங்கு பெரிதாக்கும். 2 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தாள்தான், ஆனால் நனைந்தாலும் ஊறாது.

மடிக்க அரை மணி போதும் என்பது பழகியவர் கணக்கு. முப்பது பையன்களுக்கு ஒன்றரை மணி ஒதுக்குங்கள். குறிப்புத் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினால், வேகமானவன் முடித்துவிட்டு வம்பிழுப்பான், மெதுவானவன் கைவிடுவான். ஒரு மடிப்பு, எல்லோரும் தூக்கிக் காட்டுவது, பிறகு அடுத்த மடிப்பு. இப்படிப் போனால்தான் கூட்டம் கூடவே வரும். லென்ஸ் சின்னக் கண்ணாடி மணி. மண் தரையில் விழுந்தால் தேடாதீர்கள், கிடைக்காது. வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் உட்கார்ந்து மடிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்று வீதம் கூடுதலாக வாங்கிவையுங்கள்.

"ஒண்ணுமே தெரியல சார்" என்ற குரல் கண்டிப்பாக வரும். பெரும்பாலும் காரணம் தூரம்தான்: லென்ஸ் இமையைத் தொடுமளவு கண்ணருகே வரவேண்டும், வெளிச்சம் மறுபக்கம் இருக்கவேண்டும். அப்படியும் மங்கலென்றால் லென்ஸில் விரல் ரேகை. காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுங்கள். பகலில் வானத்தின் வெளிச்சமான பக்கம் போதும், சூரியனை நோக்கிப் பிடிக்கவே கூடாது. இரவில் போன் டார்ச்சின் முன் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்தால் கண் கூசாது.

முதல் மாதிரி வெங்காயத்தோல். சமையல்கட்டில் கேட்டு வாங்கி, உள்ளடுக்கின் மெல்லிய சவ்வை உரித்து, டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டால் செல் சுவர் கட்டம் கட்டமாகத் தெரியும். இதைப் பார்த்துவிட்ட பையன் அப்புறம் தானே தேட ஆரம்பிப்பான். குளத்து நீரை இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். கரையில் பெரியவர்கள் இருவர் நிற்கட்டும், பையன்கள் தண்ணீரில் இறங்கவேண்டாம். பாசியோடு சேர்த்து அள்ளுங்கள், உயிரிகள் அங்கேதான் அதிகம். பாட்டில் மூடியை இறுக்கினால் மூச்சுமுட்டி, காலையில் பார்க்கும்போது அசைவே இருக்காது.

மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் தகட்டுக்குப் பதில் செலோ டேப்பால் மூடுவது மலிவு, ஆனால் காற்றுக்குமிழி சிக்கும். கறுப்பு விளிம்போடு உருண்டையாகத் தெரியும் அதைப் பாதிப் பேர் செல் என்று வரைந்துவைப்பார்கள். யாராவது ஒருவர் நோட்டுகளைப் பார்த்தபடி சுற்றிவரவேண்டும். தயிரில் பாக்டீரியா காட்டுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவற்றின் தடிமன் ஒரு மைக்ரானுக்குள்தான், இந்தக் கருவிக்கு எட்டாது.

குறை என்றால், போனில் ஒட்டும் காந்த வளையம். இரண்டு மூன்று கேமரா உள்ள போன்களில் முதன்மைக் கேமராவுக்கு நேராக வைக்கவே பொறுமை வேண்டும். நடத்துபவரின் போனில் ஒட்டினால் போதும்; எதைத் தேடுவது என்று காட்ட அது உதவும். பையன்களுக்குப் போன் தேவையில்லை.

சில அமைப்புகள் அடுத்த அணிக்கு ஆகுமென்று முகாம் முடிந்ததும் கருவியைத் திரும்ப வாங்கிவிடுகின்றன. அதற்குப் பள்ளி நுண்ணோக்கியே தேவலை, 400 மடங்காவது காட்டும். வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் இது. அனுப்பும்போது பையில் செலோ டேப் ஒரு சுருள், மாதிரி வைக்கும் தாள் ஸ்லைடு பத்து, பென்சில் ஒன்று போட்டுக்கொடுங்கள். கண்ணாடி ஸ்லைடு வேண்டாம், பைக்குள் உடைந்து கையைக் கிழிக்கும்.