"மின்ட் கண்டிஷன்" ஆர்எக்ஸ்1ஆர் 2: பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

செகண்ட் ஹேண்டில் சோனி ஆர்எக்ஸ்1ஆர் 2, லைகா க்யூ போன்ற லென்ஸ் கழற்ற முடியாத ஃபுல் ஃபிரேம் கேமரா (ஒளியைப் படமாக்கும் சென்சார் பழைய 35 மிமீ ஃபிலிம் அளவுக்குப் பெரிதாக இருப்பது) தேடுபவர்களுக்கு இந்தப் பதிவு. ஒருவர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்கிய ஆர்எக்ஸ்1ஆர் 2 அவரை எப்படியெல்லாம் ஏமாற்றியது, முன்கூட்டியே எதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் விஷயம். விற்றவர் பெயர் வேண்டாம். இதே வாசகத்தோடு விளம்பரம் போடுபவர்கள் ஏராளம்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "மின்ட் கண்டிஷன், 3,000 ஷட்டர் கவுண்ட், பாக்ஸ், பில் உண்டு." அதாவது புத்தம் புதிதுபோல் இருக்கிறது, இதுவரை 3,000 படம்தான் எடுத்திருக்கிறது என்று அர்த்தம். கூடவே பத்துப் பன்னிரண்டு மாதிரிப் படங்கள். எல்லாம் போர்ட்ரெய்ட், பின்னணி வெண்ணெயாகக் கரைந்தவை. பார்ப்பவர் மயங்கும் இடமும் அதுதான், மோசடி ஒளிந்திருந்த இடமும் அதுதான். அத்தனையும் எஃப்/2-இல், அதாவது லென்ஸின் ஒளித்துளையை (அபர்ச்சர்) முழுக்கத் திறந்து எடுத்தவை. சென்சார் மேல் தூசி படிந்திருந்தால் எஃப்/2-இல் தெரியாது. அபர்ச்சர் விரிந்திருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வந்து விழுவதால் தூசியின் நிழல் கரைந்துவிடும். எஃப்/11, எஃப்/16 என்று சுருக்கும்போது ஒளிக்கற்றை ஒடுங்கி, ஒவ்வொரு தூசியும் கறுப்புப் புள்ளியாக விழும். வாங்கியவர் முதல் முறை வானத்தோடு ஒரு நிலக்காட்சி எடுத்தபோது மேல்பாதியில் பதினேழு புள்ளிகள்.

லென்ஸ் கழற்றக்கூடிய கேமராவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. புளோயரால் ஊதி, போகாவிட்டால் ஈரத் துடைப்பானால் ஒரு தடவை இழுத்தால் முடிந்தது. ஆர்எக்ஸ்1 வரிசையில் 35 மிமீ எஃப்/2 ஸொனார் லென்ஸ் பாடியோடு சேர்ந்தே பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் பின் கண்ணாடி சென்சாருக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கும். 507 கிராமுக்குள் 42.4 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமை அடக்க முடிந்ததற்கு இந்த நெருக்கமும் ஒரு காரணம். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் கேமராவையே பிரிக்க வேண்டும், திரும்பப் பூட்டும்போது லென்ஸ் துல்லியமாக நேர்கோட்டில் உட்கார வேண்டும். தெருமுனைக் கடையில் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள்; தூசி போய், படத்தின் ஒரு ஓரம் நிரந்தரமாக மங்கிப் போகும். தூசி, நீர் புகாத சீலிங்கும் இந்த வரிசையில் இல்லை. லைகாவிலும் முதல் க்யூவில் கிடையாது. 2019-இல் வந்த க்யூ2 முதல்தான் ஐபி52 எனும் தூசி, நீர்த்துளிப் பாதுகாப்பு.

தூசிச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அபர்ச்சரை எஃப்/22-க்கு வையுங்கள் (லைகா க்யூவில் எஃப்/16தான் கடைசி). ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100. ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, வெள்ளைச் சுவரையோ லேப்டாப்பின் வெற்றுத் திரையையோ வேண்டுமென்றே மங்கலாக எடுங்கள். ஷட்டர் அரை வினாடி, ஒரு வினாடி என்று மெதுவாக இருந்தால் நல்லது. எடுக்கும்போது கேமராவை லேசாக அசைத்துக்கொண்டே இருங்கள். சுவரின் கறை இழுபட்டு மறையும், சென்சார் தூசி மட்டும் அசையாமல் நிற்கும். இரண்டு மூன்று எடுத்து, லேப்டாப்பில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றிப் பாருங்கள். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி என்றால் அது உள்ளே இருக்கிறது. விற்பவர் "லென்ஸ் முன்னாடி தூசி சார், துடைச்சா போயிடும்" என்பார். முன் கண்ணாடித் தூசி இப்படித் தெளிவான புள்ளியாக விழாது.

அடுத்த அடி மெனுவில். கேமராவை ஆன் செய்தால் எல்லாம் ஜப்பானிய எழுத்து. மொழியை மாற்றலாம் என்று தேடினால் அந்தத் தேர்வே இல்லை. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜப்பானிய மொழி மட்டும்தான். இங்கே சுற்றிவரும் பழைய கேமராக்களில் அங்கிருந்து வருபவை உண்டு. தோல் உறை, ஸ்ட்ராப் எல்லாம் புதிதுபோல் இருப்பதால் கண்ணை ஏமாற்றும். விளம்பரப் படத்தில் திரை அணைந்தே இருந்தால் சந்தேகப்படுங்கள். மெனு திறந்த நிலையில் ஒரு வீடியோ கேளுங்கள்.

"பில் உண்டு" என்றதும் பொய் இல்லை, யாரோ கையால் எழுதிய ஒரு தாள் இருந்தது. பார்க்க வேண்டியது பெட்டியை. முறைப்படி இந்தியாவுக்கு இறக்குமதியாகி விற்பனைக்கு வந்த பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். சட்டமுறை எடையளவு விதிகள் அப்படிச் சொல்கின்றன. ஸ்டிக்கர் இல்லையென்றால் அது வேறு வழியாக வந்த சரக்கு. பெட்டியின் சீரியல் எண்ணும் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள்.

ஷட்டர் கவுண்ட் 3,000 என்றதற்கு விற்றவர் காட்டிய ஆதாரம் படத்தின் கோப்புப் பெயரில் இருக்கும் எண். கோப்பு எண் 9999-ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து ஓடும். மெனுவில் ஒரே தட்டில் ரீசெட்டும் ஆகும். அதை நம்புவதற்குக் கிளி ஜோசியம் பார்க்கலாம்.

நேரில் பார்க்கப் போனால் டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸுக்குள் சாய்வாக ஒளி அடித்தால் பூஞ்சை சிலந்தி நூல்போல் கிளைகிளையாகத் தெரியும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதத்தை அடக்கும் டிரை கேபினட் இல்லாமல் வைத்திருந்த கேமராவை இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது; லென்ஸை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழி இதில் இல்லை. பிறகு ஒரு செங்கல் சுவரை நேர் எதிரே நின்று எஃப்/2-இல் எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் சரி. ஒரு மூலை மட்டும் மிகவும் மங்கினால் கேமரா கீழே விழுந்திருக்கலாம், பிரித்துப் பூட்டியதாகவும் இருக்கலாம். ஆர்எக்ஸ்1ஆர் 2-இன் வியூஃபைண்டர் பொத்தானைத் தள்ளினால் எழும்பும், அழுத்தினால் உள்ளே போகும். பத்து முறை செய்து பாருங்கள். பேட்டரி என்பி-பிஎக்ஸ்1, அசல் 1,240 எம்ஏஎச். அதே அளவில் 2,000 என்று அச்சடித்திருந்தால் போலி. அசலே சுமார் 220 படம்தான் தாங்கும், அதனால் இரண்டு மூன்று உபரி வாங்கியே ஆக வேண்டும்.

இவ்வளவு தொல்லையிலும் இதை ஏன் தேடுகிறார்கள் என்றால், காரணம் இருக்கிறது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் சத்தமே போடாது, ஃபிளாஷ் 1/2000 வினாடி வரை ஒத்துப்போகும். ஆனால் அதே ஷட்டர் எஃப்/2-இல் 1/2000-ஐத் தாண்டாது. நம் ஊர் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 வைத்தாலும் படம் வெளுத்துப்போகும். ஒளியைக் குறைக்கும் 49 மிமீ என்டி ஃபில்டர் ஒன்று பையில் இருக்கட்டும். பட நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதியும் கிடையாது.

புதிதாகவே வாங்குகிறேன் என்பவர்களுக்கு வேறொரு வலை. "ஃபுல் ஃபிரேம், பாக்கெட்டில் போகும்" என்று கல்யாணப் படம் எடுப்பவர் தலையில் பானசோனிக் எஸ்9-ஐயோ சிக்மா எஃப்பியையோ கட்டிவிடுகிறார்கள். இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டர் (ஒளியைத் திறந்து மூடும் இயந்திரத் திரை) கிடையாது. சென்சார் வரிவரியாகப் படிப்பதால் மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டைபட்டையாக விழும். 1/50, 1/100-க்கு இறக்கினால் ஓரளவு அடங்கும், அப்புறம் ஆடுபவர்கள் மங்குவார்கள். எஸ்9-இன் மேலே இருப்பது வெறும் கோல்ட் ஷூ, ஃபிளாஷுக்கு மின் தொடர்பே இல்லை. வீடியோவுக்கு அருமையான பெட்டி, மண்டப வேலைக்கு உதவாது. சோனி ஏ7சி 2 அந்த வேலை செய்யும். ஆனால் 514 கிராம் பாடியில் 695 கிராம் 24-70 எஃப்/2.8 லென்ஸை மாட்டிவிட்டுக் கச்சிதம் என்பதில் அர்த்தமில்லை.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், முதலில் விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரம் மறுநாளே காணாமல் போகும். பணம் வாங்கிக்கொண்டு பொருளே அனுப்பாமல் மறைந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930. கடையோ டீலரோ விற்றிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தன் சொந்தக் கேமராவை ஒரு தடவை விற்ற தனிநபர் என்றால் அந்த வழி பெரும்பாலும் உதவாது. மேலே சொன்னவர் வாங்கியது அப்படி ஒருவரிடம்தான். இப்போது எஃப்/4-ஐத் தாண்டாமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்.