விமான கேமில் மேகம் திக்கினதுக்கு கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிட்டான், ₹18,500 போச்சு

இன்று மதியம்தான் அந்தக் கம்ப்யூட்டர் கடையிலிருந்து திரும்பினேன், கோபம் இன்னும் இறங்கவில்லை. ₹18,500. தேவையே இல்லாத ஒரு பொருளுக்கு.

எனக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. லீவு நாளில் எக்ஸ்-பிளேன் 11 என்ற கம்ப்யூட்டர் விமான சிமுலேட்டரில் சேலத்திலிருந்து பெங்களூருக்கு செஸ்னா என்கிற குட்டி விமானத்தை ஓட்டிக்கொண்டு போவேன், வழியில் நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான் என் பொழுதுபோக்கு. போன மாதம் மேகம், மழையைக் காட்டும் ஒரு வானிலை ஆட்-ஆன் (கூடுதல் மென்பொருள்) போட்டேன். அன்றிலிருந்து சில நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் அப்படியே நின்று, பிறகு ஒரு குதி குதிக்கும். ரன்வேயைத் தொடுகிற நேரத்தில் அது வந்தால் விமானம் புல்தரையில் கிடக்கும்.

கிருஷ்ணகிரியில் பழைய, புதிய கம்ப்யூட்டர் உதிரி விற்கும் கடை ஒன்றுக்கு கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். "தம்பி, உன் கார்டு செத்துக்கிட்டு இருக்கு, நம்ம ஊர்ப் பையன்னு சொல்றேன், வேற யாராவது இருந்தா 25 சொல்லுவேன்" என்றார். அந்த டீதான் என்னைக் கவிழ்த்தது. பழைய கார்டை எடுத்துக்கொண்டு, ₹18,500 ஜிபேயில் வாங்கிக்கொண்டு, புதுசு என்று ஒன்றை மாட்டினார். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி எதுக்குத் தம்பி வெட்டியா, வாரண்டி என் வாய்தான்." நானும் தலையாட்டினேன். அங்கேயே சிமுலேட்டரை ஓட்டியும் காட்டினார், வெண்ணெய் மாதிரி போனது. வானிலையை 'கிளியர்' என்று மாற்றி வைத்துத்தான் காட்டினார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து மழை மேகத்தோடு ஓட்டினால் அதே திக்கல்.

போன் செய்தேன். முதல் நாள் "டிரைவர் அப்டேட் பண்ணு தம்பி". மறுநாள் "உங்க வீட்ல கரண்ட் ஏறி இறங்குது போல". அப்புறம் "பையன் லீவு". அப்புறம் எடுக்கவே இல்லை. அதற்குள் நானே உட்கார்ந்து நோண்டினேன். எக்ஸ்-பிளேனில் திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் சிபியு (கம்ப்யூட்டரின் முக்கிய சிப்) எவ்வளவு நேரம், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டில் உள்ள சிப்) எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று திரையிலேயே காட்ட வைக்கலாம். திக்கும்போது ஜிபியு 0.012 செகண்டில் அப்படியே நிற்கிறது, சிபியு மட்டும் 0.02-லிருந்து 0.4-க்குத் தாவுகிறது. கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! ஆட்-ஆன் புது வானிலையை எழுதும் நேரத்தில் சிமுலேட்டரின் சொந்த நிஜ வானிலையும் ஓடிக்கொண்டிருந்தது, இரண்டையும் ஒன்றாக விட்டது என் தப்புதான். சொந்த வானிலையை நிறுத்தி, மேகப் படங்களின் அளவை 4096 பிக்சலிலிருந்து 1024-க்கு இறக்கி, ஆட்-ஆன் ஃபோல்டரை ஆன்டிவைரஸ் தொடாமல் வைத்ததும் திக்கல் போயே போச்சு. செலவு பூஜ்யம்.

சந்தேகத்தில் அந்தப் 'புது' கார்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபேனுக்குப் பின்னால் கம்பளி மாதிரி தூசி, திருகுகளில் ஸ்க்ரூடிரைவர் கீறிய தடம். யார் வீட்டில் எத்தனை வருஷம் ஓடியதோ.

இன்று நேரிலேயே போனேன். "மாட்டினப்ப நல்லாத்தானே ஓடுச்சு, நீயே பார்த்தியே" என்கிறார். சரி அண்ணா, என் பழைய கார்டையாவது கொடுங்கள் என்றால், "அது அன்னைக்கே வித்துப்போச்சு". ₹18,500-ம் இல்லை, என் கார்டும் இல்லை. இந்த முறை டீயும் இல்லை.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. திக்கினால் முதலில் ஆட்-ஆனை நிறுத்தி, தெளிந்த வானத்தில் ஓட்டிப் பாருங்கள். கடையில் காட்டினால் நம் வீட்டு செட்டிங்கிலேயே காட்டச் சொல்லுங்கள். பழைய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சாயந்திரம் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். முதல் கேள்வியே, "பில் இருக்குங்களா சார்?"