சகி மையமும் இலவச வக்கீலும்: எங்கள் அனுபவம்

சித்தி மகளுக்காக வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எங்கள் மாவட்டத்து சகி மையத்துக்கும், இலவச வக்கீல் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அலைந்ததை வைத்து இதை எழுதுகிறேன். இரண்டுமே நல்ல சேவை. ஆனால் இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்வதே இல்லை, என் ஆத்திரமெல்லாம் அதில்தான்.

புருஷன் அடித்து உதடு கிழிந்து வந்தவளை முதலில் ஒரு காவல் நிலையத்துக்குத்தான் கூட்டிப் போனோம். "குடும்பம்னா நாலு இருக்கும், பேசி சமாதானமாப் போங்க" என்றார்கள், புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுகூடத் தரவில்லை. 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். புகாரைக் கேட்கும் காவல் அதிகாரி, இந்தச் சட்டப்படி பெண்களுக்கு உதவ வேண்டிய பாதுகாப்பு அலுவலர் யார், இலவச வக்கீல் உண்டு, என்னென்ன உத்தரவு கேட்கலாம் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லியே ஆக வேண்டும். அது அவருடைய கடமை.

அப்புறம் தெரிந்த ஒருவர் சொல்லி பெண்கள் உதவி எண்ணான 181-க்கு போன் செய்தோம், அவர்கள்தான் சகிக்கு அனுப்பினார்கள். போர்டு கண்ணில் படாத இடத்தில் இருந்ததால் இரண்டு பேரிடம் விசாரித்துத்தான் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போனதும் அங்கிருந்த அம்மா "சாப்ட்டியாம்மா?" என்றுதான் ஆரம்பித்தார். அவள் அழுது முடிக்கும்வரை பேனாவையே எடுக்கவில்லை. பிறகு எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு தனியாகப் பேசினார், அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் கூட அனுப்பி காயங்களைப் பதிவு செய்யும் ஏ.ஆர். காப்பி போட வைத்தார். இந்த ஏ.ஆர். காப்பியை யாரும் விட்டுவிடாதீர்கள், காயம் ஆறிய பிறகு கோர்ட்டில் நமக்காகப் பேசுவது அந்தத் தாள்தான். தங்க இடமும் உண்டு, பொதுவாக ஐந்து நாள் வரை. அம்மா வீடு இருந்ததால் இவள் சமாளித்தாள், அதுவும் இல்லாதவர்களுக்கு ஐந்து நாள் எந்த மூலைக்கு?

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, எங்களிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று இருப்பார் என்று சித்தப்பா தடுத்தார். வந்தவரோ மனுவை வரிவரியாக அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று நாங்கள் பயந்தபோது, கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம், 2020-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்று தைரியம் கொடுத்தார். குறை என்றால் வாய்தாதான். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது, எங்களுக்கு அதைவிட ரொம்ப நாள் ஆனது.

எனக்குத் துளியும் திருப்தி இல்லாதது சாட்சிகள் விஷயத்தில். அடித்ததை நேரில் பார்த்த பக்கத்து வீட்டு அக்காவை ஸ்டேஷனுக்கு வா என்று கூப்பிட்டார்கள். சாட்சி பெண் என்றால் அவர் இருக்கும் இடத்துக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும், வக்கீல் எடுத்துச் சொன்ன பிறகே வீட்டுக்கு வந்தார்கள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் அந்த அக்காவை வாசலில் வைத்தே மிரட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்று கேட்டேன். சுப்ரீம் கோர்ட் ஒப்புதல் கொடுத்த அந்த 2018 திட்டம், ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், பெண்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தும் சில குற்றங்களுக்கும்தான். கணவன் கொடுமைக்கு அதிகபட்சமே மூன்று வருடம், ஆகவே இந்த வழக்கு அதில் வராது. வாசலில் வந்து மிரட்டுகிறவன் பிரிவு எண் பார்த்தா மிரட்டுகிறான்? மிரட்டியது பற்றித் தனியாக ஒரு புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னார் வக்கீல், கொடுத்திருக்கிறோம்.

சகிக்கு ஐந்துக்கு நாலு, வக்கீலுக்கு நாலரை, சாட்சிக்குக் கிடைத்த உதவிக்கு ஒன்று. 181 பெண்களுக்கு, எந்த நேரமும் கூப்பிடலாம். சட்ட உதவிக்கு 15100. புகார் கொடுத்தால் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள், எஃப்.ஐ.ஆர். போட்டால் நகலை இலவசமாகவே கேட்டு வாங்குங்கள்.