மாணவர்களுக்கான வாசிப்பு–எழுத்து நோட்டு: பாதிப் பக்கங்களுக்காக வாங்கலாம்

மாணவர்களுக்கென்று விற்கிறார்களே, இடது பக்கம் படித்ததைக் குறித்துவைக்கவும் வலது பக்கம் அதைப் பற்றி எழுதவும் கட்டம் போட்ட நோட்டு, அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கிட்டத்தட்ட ஒரே உள்ளடக்கத்தோடு பல பெயர்களில் வருவதால் நான் வாங்கியது எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்குப் பெரிய பதிப்பு, இரண்டாம் வகுப்பு மகளுக்குச் சிறுவர் பதிப்பு. ஒரு பருவம் முழுக்க இருவரும் பயன்படுத்திவிட்டார்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையும் குறிப்பிட்ட சில பக்கங்களுக்கு மட்டும்தான், மற்றதெல்லாம் கிறுக்கிப் பார்க்கத்தான் ஆகும்.

அட்டையில் 'நிறைய வாசித்தால் எழுத்து தானாக வரும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இது பாதி உண்மை. சொல்வளம், வாக்கியத்தின் ஓசை, ஒரு கதையை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்கிற பழக்கம், எல்லாம் வாசிப்பில் சேர்வதுதான், மறுக்கவில்லை. வாசிப்பைக் கற்றுக்கொடுத்தால் எழுத்தும் மேம்படுகிறது என்று ஸ்டீவ் கிரஹாமும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் அந்த 'தானாக'தான் உதைக்கிறது. மாதத்துக்குப் பத்துப் புத்தகம் முடிக்கும் பிள்ளை நாலு வரி எழுதச் சொன்னால் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை யார்தான் பார்க்கவில்லை. எதிர்த் திசையைப் பற்றி, அதாவது எழுதினால் வாசிப்பு கூர்மையாகும் என்பதைப் பற்றி, அட்டை மூச்சே விடவில்லை. அதே கிரஹாம் மைக்கேல் ஹெபர்ட்டோடு சேர்ந்து 2010இல் கார்னகி அறக்கட்டளைக்காக எழுதிய அறிக்கை முழுக்க இதுதான். படித்த பாடத்தைப் பற்றி எழுதவைப்பது, எழுதும் திறனைக் கற்றுக்கொடுப்பது, எழுதும் அளவைக் கூட்டுவது, மூன்றுமே மாணவர்களின் வாசிப்பை மேம்படுத்துகின்றன என்று முடிவு சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், உள்ளே பக்கங்களை அமைத்தவருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது, அட்டையை எழுதியவரிடம்தான் யாரும் சொல்லவில்லை போல.

சரி, நல்ல பக்கங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 'மூடிவிட்டு எழுது' என்று ஒன்று வருகிறது. ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூட வேண்டும். நினைவில் இருப்பதைச் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதை வேறு நிற மையில் ஓரத்தில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான், கேட்டால் இதற்கு ஒரு நோட்டா என்றிருக்கும். வௌவால்கள் இருட்டில் எப்படி இரை தேடுகின்றன என்ற பகுதியைப் படித்துவிட்டு மகன் எழுதியது இது: 'வௌவால் நமக்குக் கேட்காத ஒலியை எழுப்பும். அது பூச்சியின் மேல் பட்டுத் திரும்பி வரும். அதனால் பூச்சி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று வௌவாலுக்குத் தெரிந்துவிடும்.' படிக்க நன்றாகத்தானே இருக்கிறது? அவன்தான் 'அதனால்' மேல் பேனாவை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான். "எதனாலப்பா தெரியும்? சத்தம் திரும்பி வந்தா மட்டும் போதுமா?" புத்தகத்தைத் திறந்தால், எதிரொலி திரும்பி வர எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் தூரம் தெரிகிறது என்று ஒரு முழு வாக்கியமே இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறான், ஆனால் கண் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியேதான் இருக்கும், ஏனென்றால் ஒன்றையும் இன்னொன்றையும் கோக்கிற வேலையை எழுதியவர் முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறார். நாமே எழுதும்போது அந்த இணைப்பை நாம்தான் போட வேண்டும், அங்கேதான் ஓட்டை தெரியும். எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. இப்போது எதைப் படித்தாலும் 'ஆகவே', 'இதன் விளைவாக' என்று வந்தால் நின்று, முன்னால் காரணம் சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறான். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியில் காரணமே இல்லாமல் 'எனவே' போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து வந்து காட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது, அவன் ஆசிரியருக்கு எப்படி இருந்ததோ.

இந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சரக்கு பழையது. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பகுதிகளைப் படித்த பின் ஒன்றை மறுபடி படிக்கச் சொன்னார்கள், மற்றதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்ததுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கதை தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்ததில் 42. தேர்வுக்கு முந்தின இரவு புரட்டிப் புரட்டிப் படிப்பவர்களுக்கு ஏன் அது போதுமானதாகத் தோன்றுகிறது, ஏன் அடுத்த வாரம் ஒன்றும் தங்குவதில்லை, இரண்டுக்கும் இதில் விடை இருக்கிறது.

அடுத்து 'குறிப்பிலிருந்து திரும்ப எழுது'. நோட்டிலேயே அச்சிட்ட ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு மூன்று சொல்லில் குறிப்பு எடுக்க வேண்டும். சில நாள் அதைத் தொடக்கூடாது. பிறகு குறிப்பை மட்டும் வைத்துப் பத்தியைத் திரும்ப எழுதி மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இது இந்த நிறுவனத்தின் கண்டுபிடிப்பு என்று பின்னட்டையில் தொனிக்கிறது, அப்படியெல்லாம் இல்லை. அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது ஸ்பெக்டேட்டர் என்ற ஆங்கில இதழின் கட்டுரைகளை வைத்து இதையேதான் செய்தார், தன்வரலாற்றில் விலாவாரியாக எழுதியிருக்கிறார். குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்துச் சரியான வரிசைக்குக் கொண்டுவரும் பயிற்சியும் செய்திருக்கிறார். அதை ஏன் நோட்டில் சேர்க்கவில்லை என்று புரியவில்லை, வரிசைப்படுத்துவதில்தான் நம் பிள்ளைகள் ரொம்பத் திணறுகிறார்கள்.

ஒப்பிடும்போது என்ன தெரியும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். மகன் எழுதியது: 'மழை விட்டதும் கிழவர் குடையை மடித்துவிட்டு, வாசலில் சாய்த்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, பதில் வராததால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.' மூலம்: 'மழை விட்டது. கிழவர் குடையை மடித்து வாசலில் சாய்த்தார், கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.' தகவல் ஒன்றுதான், ஒரு எழுத்து கூடக் குறையவில்லை. ஆனால் அந்த 'விட்டு, விட்டு, விட்டு' வரிசையில் எல்லாச் செயலும் ஒரே எடையோடு போய்விடுகிறது, பதில் வராததும் அந்த வரிசையில் கரைந்துவிடுகிறது. மூலத்தில் அதற்குத் தனி வாக்கியம். "பதில் இல்லைன்னு நிறுத்தினா நாமளும் அவரோட வாசல்ல நிக்கிறோம்ல" என்றான். அந்தக் கதையை வெறுமனே படித்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது, கதவைத் தட்டினார், ஆள் இல்லை, அடுத்து என்ன என்று ஓடியிருப்பான். அப்புறம் கொஞ்ச காலம் அவன் எழுதிய கட்டுரை, விடுப்புக் கடிதம் எல்லாவற்றிலும் மூன்று வாக்கியத்துக்கு ஒரு முறை இரண்டு சொல் வாக்கியம் வந்துகொண்டிருந்தது. 'காய்ச்சல் குறையவில்லை. வர இயலாது.' என்று வகுப்பாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் ஏதோ துப்பறியும் கதை வாசனை அடித்தது. அது தானாக அடங்கியது.

'எழுதியவரிடம் கேள்' பக்கமும் நன்றாகவே இருக்கிறது. இந்தத் தகவலை ஏன் இங்கே வைத்தார், இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது போன்ற கேள்விகள். தானும் எழுதுகிற பிள்ளைக்குத்தான் இவை கேள்வியாகவே தோன்றும், எழுதாத பிள்ளைக்கு அச்சில் இருப்பதெல்லாம் வானத்திலிருந்து விழுந்தது மாதிரி. ஒரே குறை, எல்லாப் பாடத்துக்கும் அதே ஆறு கேள்விகளையே அச்சடித்திருக்கிறார்கள்.

இனி மோசமானவை. 'சுருக்கம் எழுதுக' என்று தலைப்புப் போட்டுக் கீழே பத்து வெறும் கோடு. எப்படிச் சுருக்குவது, எதை விடுவது, இரண்டு தகவலை எப்படி ஒன்றாக்குவது, ஒரு மாதிரிச் சுருக்கம், எதுவும் கிடையாது. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதல் இரண்டு வாக்கியம், கடைசி இரண்டு வாக்கியம், நடுவில் ஒன்று, அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். என் மகனும் அதைத்தான் செய்தான், நோட்டும் அதை நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டது. 2013இல் உளவியலாளர் ஜான் டன்லாஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது சுருக்கம் எழுதுவதைக் குறைந்த பயனுள்ளவற்றோடுதான் சேர்த்தார்கள். காரணம் சுருக்கம் தப்பு என்பதல்ல, நன்றாகச் சுருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும், தெரியாத பிள்ளைகளுக்கு முதலில் நல்ல பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியைக் கொடுக்கத்தானே ஐயா இந்த நோட்டு?

அதே பட்டியலில் அடிக்கோடு போடுவதும் வண்ணம் தீட்டுவதும் மறுபடி படிப்பதும் குறைந்த பயன் பகுதியில்தான் இருக்கின்றன. தன்னைத்தானே சோதித்துப் பார்ப்பதற்கு உயர்ந்த இடம். ஆனால் நோட்டோடு மூன்று ஹைலைட்டர் பேனா இலவசம்! மஞ்சள் முக்கியக் கருத்துக்கு, பச்சை புதுச் சொல்லுக்கு, இளஞ்சிவப்பு பிடித்த வரிக்கு. முதல் வாரத்திலேயே அறிவியல் புத்தகம் ஹோலி கொண்டாடிவிட்டது. எது முக்கியமில்லை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் வண்ணம் படாத இடத்தைத் தேட வேண்டியிருந்தது.

படித்த பக்கக் கணக்கு, நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை, 'இந்த மாத வாசிப்பு வீரர்' சான்றிதழ், இவை சேர்ந்து நோட்டில் கால்வாசி. ஒரு வரியும் எழுதவைக்காத பக்கங்கள். விட்டுத்தள்ளுங்கள்.

சிறுவர் பதிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அதில்தான் எனக்குக் கோபம் அதிகம். ஒரு வாக்கியத்தை அச்சிட்டு, அதன் கீழே மூன்று தடவை பார்த்து எழுதச் சொல்வதுதான் பெரும்பாலான பக்கங்கள். கையெழுத்துக்கு உதவும், சரி. ஆனால் சின்ன வயதில் எழுத்து வாசிப்புக்குச் செய்யும் பெரிய உதவி வேறு. படிக்கும்போது பாதிச் சொல்லைப் பார்த்தே மீதியை ஊகித்துவிடலாம். எழுத வேண்டுமென்றால் சொல்லை வாய்க்குள் மெதுவாகச் சொல்லி ஒவ்வொரு ஒலிக்கும் எந்த எழுத்து என்று தேடியாக வேண்டும். பார்த்து எழுதும்போது அந்தத் தேடலே இல்லை. நோட்டின் கடைசியில் 'உன் நாளைப் பற்றி எழுது' என்று கொஞ்சம் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள், உருப்படியானது அது ஒன்றுதான். மகள் அதில் 'இன்று பல்லிக்கு சீக்கிரம் போனேன்' என்று எழுதியிருந்தாள். பல்லிக்குப் போனாயா என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள், இப்போது கதை படிக்கும்போது ல வந்தாலும் ள வந்தாலும் விரலை வைத்துப் பார்க்கிறாள். பார்த்து எழுதும் பக்கங்களில் அவள் ஒரு தவறும் செய்யவில்லை, அதனாலேயே அவற்றில் ஒன்றும் தெரியவில்லை.

இந்த வயதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. கானி ஜூயல் என்ற ஆய்வாளர் 54 குழந்தைகளை முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை பின்தொடர்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகுப்பு முடிவில் வாசிப்பில் பின்தங்கியிருந்த குழந்தை நான்காம் வகுப்பு முடிவிலும் அப்படியே இருக்கும் சாத்தியம் 0.88, அதாவது நூற்றுக்கு 88. நன்றாக வாசித்தவர்கள் பள்ளியிலும் வெளியிலும் கூடுதலாக வாசித்தார்கள், அது அவர்கள் எழுத்துக்கும் கைகொடுத்ததாகத் தெரிந்தது. வாசிக்கச் சிரமப்படும் குழந்தை குறைவாக வாசிக்கும், குறைவாக வாசிப்பதால் எழுத எதுவும் கையில் இருக்காது. இப்படிப்பட்ட குழந்தையின் கையில் பார்த்து எழுதும் நோட்டைக் கொடுத்து என்ன பயன்?

தாள் மெல்லிசு. ஜெல் பேனாவில் எழுதினால் பின்பக்கம் தெரிகிறது, பந்துமுனைப் பேனா பரவாயில்லை. தைத்த முதுகு, மேசையில் தட்டையாக விரிகிறது, அது நல்ல விஷயம், ஏனென்றால் ஒரு பக்கம் மூலத்தையும் ஒரு பக்கம் தன் எழுத்தையும் வைத்துப் பார்க்க வேண்டிய வேலை இது. சிறுவர் பதிப்பில் கோடுகள் நெருக்கம், ஏழு வயதுக் கைக்கு ஆகாது. எங்கள் பிரதியில் எட்டுப் பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது, மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை.

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைக்கு, கூட உட்கார்ந்து முதலில் பாராட்டிய அந்த மூன்று வகைப் பக்கங்களை மட்டும் செய்யவைக்க ஆள் இருந்தால், பெரிய பதிப்பை வாங்கலாம். பிள்ளை தானாகச் செய்துகொள்ளும் என்று நினைத்து வாங்கினால் நட்சத்திர அட்டவணை மட்டும்தான் நிரம்பும். சிறுவர் பதிப்பு வேண்டவே வேண்டாம், அகலக் கோடு போட்ட சாதாரண நோட்டும் தினம் நாலு வரியும் போதும். பெரிய பதிப்பில் ஹைலைட்டர் இல்லாமல் வருவதும் ஒன்று உண்டு, உள்ளே பக்கங்கள் அதேதான், அதையே கேட்டு வாங்குங்கள்.