திரும்பத் திரும்ப வரும் சி.டிஃப்: வான்கோமைசினா, மல மாற்று சிகிச்சையா?

ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. காலியான இடத்தில் குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் (சுருக்கமாக சி.டிஃப்) என்ற பாக்டீரியா பெருகினால் கடும் வயிற்றுப்போக்கு. அது விடாமல் திரும்பி வந்தால் எதைத் தேர்வது?

பலன்
வான்கோமைசின் (சி.டிஃபைக் கொல்லும் ஆன்டிபயாடிக்): 2013-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இதை மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான் தேறினார்கள்.
மல மாற்று: ஆரோக்கியமானவரின் மலக்கரைசலைக் குடலுக்குள் பெற்ற 16 பேரில் 15 பேர். அவர்களில் இருவருக்கு இரண்டாம் தடவையும் தேவைப்பட்டது.

வசதி
மாத்திரை சுலபம். மற்றதைக் கேட்டாலே முகம் சுளிப்போம்; சரி, காப்ஸ்யூலாகவும் கொடுக்கிறார்கள்.

மருந்து எதிர்ப்பு
வான்கோமைசின்: மிச்சமிருக்கும் நல்லவற்றையும் அழிக்கும். அந்த மருந்துக்கே அடங்காத என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடலைப் பிடித்துக்கொள்ளலாம்.
மல மாற்று: காலி இடத்தை நிரப்பும். ஆனால் கொடையாளரின் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இருந்தால் அதுவும் கூடவே வரும். அப்படி வந்த ஈ.கோலையால் நோய் எதிர்ப்பு சக்தி குன்றிய ஒருவர் இறந்ததாக 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

முதல் தடவை என்றால் மருந்தே போதும். பலமுறை திரும்பியவர்களுக்கு என் ஓட்டு மல மாற்றுக்குத்தான். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் மட்டும் கொடையாளருக்கு என்னென்ன பரிசோதனை செய்தார்கள் என்று மருத்துவரிடம் துருவிக் கேளுங்கள்.