பிரீஹீட் கணக்கு: வரைபடமா, சூத்திரமா?

கனமான எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து ஒட்டி முடித்த அன்றைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். வெல்டிங் குச்சியின் ஈரத்திலிருந்து வெல்டுக்குள் புகும் ஹைட்ரஜனால் வரும் விரிசல், சூடு ஆறிய பிறகுதான் வரும், சில வேளை இரண்டு நாள் கழித்து. அதனால் தகட்டை முன்கூட்டி எத்தனை பாகைக்குச் சூடாக்க வேண்டும் (முன்சூடு, அதாவது பிரீஹீட்) என்பதை ஒட்டுமுன்னரே கணிக்க வேண்டும். ஈஎன் 1011-2 என்ற ஐரோப்பிய வெல்டிங் தரநிலை இதற்கு இரண்டு வழி தருகிறது: முறை ஏ, முறை பி. திருகோணமலையில் இறங்குதுறை வேலைகளுக்கு நான் இப்போது எடுப்பது பி.

ஏ பழகியது. கார்பனோடு மாங்கனீசில் ஆறிலொரு பங்கு முதலானவற்றைக் கூட்டி கார்பன் சமானம் எடுப்போம்; எஃகு எவ்வளவு எளிதில் கடினமாகி விரியும் என்று காட்டும் எண் அது. சேரும் தகடுகளின் மொத்தத் தடிப்பையும் வெல்டிங் சூட்டையும் வைத்து வரைபடத்தில் பார்த்தால் விடை வந்துவிடும். ஆனால் ஹைட்ரஜன் அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து படிகளாகத்தான் வரும். பி முறையில் அதை எண்ணாகவே சூத்திரத்தில் போடலாம்.

நமக்கு வேண்டியது அந்த எண்தான். 0.18 சதவீதம் கார்பன், 1.4 சதவீதம் மாங்கனீசு, 25 மி.மீ. தகடு, வெல்டின் நீளத்தில் மி.மீ.க்கு 1.5 கிலோஜூல் சூடு என்று வைத்துப் பாருங்கள். 100 கிராம் வெல்டில் ஹைட்ரஜன் 5 மி.லி. என்றால் சூத்திரம் ஏறக்குறைய 80 பாகை செல்சியஸ் கேட்கிறது. அதையே 15 மி.லி. ஆக்கினால் 130. எஃகின் சான்றிதழில் கார்பன் 0.02 சதவீதம் பிசகினால் ஏறுவது 15 பாகை அளவுதான். அப்படியென்றால் எஃகின் சான்றிதழைவிட குச்சியின் ஈரம்தான் பெரிய விஷயம். ஐப்பசியில் தொடங்கும் மாரி மழையில் திறந்த பெட்டியில் கிடந்த 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் குச்சிக்கு, பெட்டியில் எழுதிய 5 மி.லி.யை எப்படி நம்புவது? தயாரிப்பாளர் சொன்னபடி 350 பாகை வரை உலர்த்தும் அடுப்பில் சுட்டு, சூடான குச்சிக் கூட்டில் வைத்து எடுத்தால்தான் அந்த எண்ணைப் போடலாம். அந்த அடுப்பு இல்லாத இடத்தில் நான் 15 போட்டுத்தான் கணக்குப் பார்ப்பேன். முன்சூட்டுக்கு எரிவாயுச் செலவு ஏறும், சரி. விரிசலைக் குடைந்தெடுத்து மறுபடி ஒட்டும் செலவு அதைவிடப் பெரிது.

ஒன்று, பி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. 10 மி.மீ.க்குக் குறைந்த தகடு அதன் எல்லைக்குள் இல்லை. டி வடிவ இணைப்பில் சூடு மூன்று பக்கம் ஓடும். மொத்தத் தடிப்பைக் கணக்கில் எடுக்கும் ஏ தான் அங்கே வசதி, நானும் அதையே பார்க்கிறேன். உயர்வலு எஃகில் எனக்கு அனுபவம் குறைவு, அதற்கு பி எப்படி என்று உறுதி சொல்ல மாட்டேன்.

எந்த முறையில் கணித்தாலும் 48 மணி நேரம் விட்டுத்தான் கடைசிச் சோதனை. அதற்கு முன் கையெழுத்துக் கேட்டு வருபவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.